டாலா எந்த வீட்டில் தூங்கினாள்

டகோமா
20 பிப்ரவரி 2012

அன்புள்ள வெங்,

டாலா நலம். நானும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உறையைப் பிரித்ததும் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவி உன் மகளுக்கு என்ன ஆச்சு என்று தேடுவாய்.

மூன்று நாளாக அலாஸ்காவில் உன் தீவுக்கு, அந்த மீன் தொழிற்சாலைக்குப் போன் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை யாரோ எடுத்து, "அவ லைன்ல மீன் வெட்டிட்டு நிக்கிறா, அப்புறமா பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்கள். அதிலேயே போன் கார்டு பாதி காலி. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் போடு, சீக்கிரம் போடு.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கே இங்க்ரிட் என்று ஒரு அம்மாள் இலவசமாக வரிக்கணக்கு போட்டுத் தருகிறார். டாலா போன வருஷம் முழுக்க என்னோடு இருந்ததால் அவள் பெயரை என் கணக்கில் சேர்க்கலாம் என்று டிசம்பரில் உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ மீன் பொரித்துக்கொண்டே தலையை ஆட்டினாய். குழந்தையை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு சலுகை, சம்பளம் குறைந்தவர்களுக்கு ஒரு சலுகை, கல்லூரிக் கட்டணம் கட்டியவர்களுக்கு ஒரு சலுகை. மூன்றும் எனக்கு உண்டு என்றார் இங்க்ரிட். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வாயெல்லாம் பல். வசந்த காலப் பருவத்துக்குக் கட்ட வேண்டிய பணம் அதிலேயே வந்துவிடும். அந்தப் பருவம் முடிந்தால் நர்ஸ் பரீட்சை எழுதலாம், கிழவர்களுக்குக் கால் கழுவிவிடுகிற வேலையிலிருந்து ஊசி போடுகிற வேலைக்கு ஏறலாம். டாலாவை மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதற்காக வாரத்தில் இரண்டு நாள் வேலையை விட்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

இங்க்ரிட் கணக்கை அனுப்பினார். கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கிளம்புவதற்குள் திரும்பி வந்துவிட்டது. இந்தக் குழந்தையின் அடையாள எண் வேறொருவர் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில்.

வெங், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டென்னிஸ் வேலைதான் இது. நாலு வருஷமாகப் பெற்ற பிள்ளைக்கு ஒரு சாக்லேட் வாங்கித் தராத அப்பன், பணம் என்றதும் அவள் எண்ணைத் தேடி எடுத்திருப்பான். அவனுக்கோ அவன் அம்மாவுக்கோ நீ எப்போதாவது அந்த எண்ணைக் கொடுத்தாயா? வேறு யாருக்காவது? நன்றாக யோசித்து எழுது. கல்லூரிக்கு மார்ச் 26-க்குள் கட்ட வேண்டும்.

டாலா உனக்குத் தனியாகப் படம் வரைந்திருக்கிறாள். பச்சையாக இருப்பது மீன் இல்லையாம், நீயாம்.

அக்கா
மரிவிக்


உனலாஸ்கா
4 மார்ச் 2012

அக்கா,

கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று திட்டாதே. இது சினை மாதம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மீன் வயிற்றிலிருந்து சினையைக் கிழியாமல் எடுக்கிற விரல்கள், பேனாவைப் பார்த்தால் இதையும் உருவிப் போட்டுவிடலாமா என்று பார்க்கின்றன.

பச்சையாக நான் இருப்பது சரிதான். பனிப்புயலில் கப்பல் வராமல் எட்டு நாளாகக் காய்கறியே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சோறும் போலாக் மீனும், மறுபடி போலாக் மீனும் சோறும். உன் புளி சூப்பை நினைத்துக்கொண்டு வெந்நீர் குடிக்கிறேன்.

டென்னிஸ் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். அவன் அம்மா கிறிஸ்துமஸ் அன்று போனில் என்ன சொன்னாள் என்று உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. "பெத்த பிள்ளையைத் தூக்கி எறிஞ்சுட்டு மீன் வெட்டப் போனவ நீ. நான் கோர்ட்டுக்குப் போனா ஒரு நாள்ல அவளை வாங்கிடுவேன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டு உங்களோடு உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். அவர்கள்தான் ஏதோ ஆரம்பித்திருக்கிறார்கள். டாலாவைப் பள்ளி வாசலில் தனியாக நிற்க விடாதே. நான் எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை, சத்தியமாக.

டாலா பல் வைத்தியத்துக்கு அனுப்பிய ஆயிரத்து ஐந்நூறு வந்துவிட்டதா? 

வெங்

மறுநாள் எழுதுகிறேன். உறையை ஒட்டிவிட்டுப் படுத்தேன், மறுபடி பிரித்துவிட்டேன். எங்கள் போயெட், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஜனவரிக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வரிக்கணக்கு போட்டார். தலைக்கு நாற்பது டாலர், இல்லாவிட்டால் இரண்டு பெட்டி நூடுல்ஸ். "பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணு" என்றேன். எண் கேட்டார், பர்சில் இருந்த அட்டையைக் காட்டினேன். போன தடவையைவிட நிறையப் பணம் திரும்பி வந்தது. மீன் நல்ல விலை போயிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை உண்டா என்று கேட்டால் இல்லை என்றா சொல்வேன்?


டகோமா
17 மார்ச் 2012

வெங்,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பில் அரிசி வைத்ததை மறந்துவிட்டேன். பானை தீய்ந்து வீடெல்லாம் புகை. டாலா சன்னல்களைத் திறந்துவிட்டு, "பெரியம்மா, யாரு செத்துட்டாங்க?" என்கிறாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நாலு வாரமாக நான் ஒரு தாடிக்காரனைக் கண்டாலே அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறேன். டென்னிஸுக்குத் தாடி இருக்கிறதா என்பதுகூட இப்போது தெரியாது. இவ்வளவுக்கும் காரணம் இரண்டு பெட்டி நூடுல்ஸ்.

சரி, திட்டி முடித்துவிட்டேன். இப்போது கேள். இங்க்ரிட்டிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பிள்ளை எல்லோருக்கும் பொது, அவள் அம்மாவும் தன் பிள்ளை என்று எழுதிவிட்டாள், நானும் எழுதினேன், இதில் யார் சொன்னது தப்பு என்று கேட்டேன்.

"அவ யாரோட பொண்ணுன்னு நான் கேக்கவே இல்லியே. போன வருஷம் எந்த வீட்டுல தூங்கினா? அதை மட்டும் சொல்லுங்க."

"எங்க வீட்டுல."

"எத்தனை ராத்திரி?"

"எல்லா ராத்திரியும். சித்தி மக நேனே வீட்டுல ரெண்டு ராத்திரி தூங்கினா, அங்க நாய் குட்டி போட்டிருந்துச்சு."

"நாய்க்குட்டியைக் கழிச்சுட்டாலும் பாதி வருஷத்துக்கு மேல வருது. அப்ப அவ உங்க கணக்குலதான்."

சட்டம் இவ்வளவுதானாம், வெங். பாதி வருஷத்துக்கு மேல் யார் கூரையின் கீழ் படுத்தாளோ அவர்கள் கணக்கில். அக்கா தங்கை பிள்ளையாக இருந்தாலும் சரி. வேலைக்காகக் கொஞ்ச நாள் வெளியூர் போனவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்க வேண்டும். நீ 2010 ஆகஸ்டிலேயே வீட்டைக் காலி செய்துவிட்டாய். நேனே வீட்டு முகவரி உன் தபாலுக்கு மட்டும்தான், அங்கே உனக்கு ஒரு தலையணைகூட இல்லை.

டாலா உன் மகள்தான், அதில் யாருக்கு என்ன சந்தேகம்? நீ ஒரு திருத்தக் கணக்கு போட வேண்டும். டாலா பெயரை எடுத்துவிட்டு, அவள் அந்த வருஷம் உன்னோடு வசிக்கவில்லை, இத்தனை இரவுதான் இருந்தாள் என்று ஒரு தாளில் எழுதி, வெங் என்று இல்லாமல் ரொவேனா என்று முழுப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். அதிகமாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், தவணையில் கட்டலாமாம். படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிலுவைக்குறி போட்டிருக்கிறேன்.

சீக்கிரம் அனுப்பு. என் கல்லூரிச் சலுகையும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மரிவிக்


உனலாஸ்கா
5 ஏப்ரல் 2012

அக்கா,

படிவத்தை மேலே திருப்பி, கீழே திருப்பிப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பணத்துக்காக இல்லை. பணம் போய்விட்டது என்பதும் உண்மைதான். உனக்கு அனுப்பியது போக மீதியை இங்கே நான் பட்ட கடன்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் அது காரணம் இல்லை. "என் மகள் என்னோடு வசிக்கவில்லை" என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறாய். டென்னிஸ் அம்மா அந்தத் தாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். "பாருங்க ஐயா, அவளே ஒத்துக்கிட்டா" என்று நீதிபதி முன்னால் நீட்டுவாள். நான் இங்கிருந்து ஓடி வருவதற்குள் டாலாவைத் தங்கள் ஊர் ஸ்போகேனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உனக்கு ஒரு பருவக் கட்டணம், எனக்கு என் பிள்ளை.

போயெட்டிடம் கேட்டேன். "வேலைக்குத்தானே வந்திருக்க, ஊர் சுத்தவா வந்த? வீட்டுல இருந்த மாதிரிதான். கையெழுத்து கியெழுத்து போட்டுத் தொலைக்காத" என்கிறார். நூலகத்து அம்மாளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும்.

நான் இங்கே கால் ஷூவுக்குள் மரத்துப்போய் நிற்பது யாருக்காக? வாராவாரம் அனுப்புகிறேனே, அது யாருக்காக? அவள் உன் வீட்டில் தூங்குகிறாள் என்றால் அந்தத் தூக்கத்துக்குக் காசு கொடுப்பது யார்? இதையெல்லாம் கேட்கிற ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

பெற்றவள் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் உன் பெயரை எழுத உனக்கு எப்படித்தான் கை வந்ததோ. நீ ஒன்றைப் பெற்றிருந்தால் வந்திருக்காது.

ரொவேனா


டகோமா
1 மே 2012

ரொவேனா,

கணக்கைத் தாளில் எழுதி ஏப்ரல் 14 அன்று தபாலில் அனுப்பிவிட்டேன். டாலா பெயர் அதில் இருக்கிறது.

கல்லூரியில் என் பெயரை நீக்கிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

டாலாவுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களை அடைத்தாகிவிட்டது. நீ அனுப்பிய பணம் அதற்குச் சரியாக இருந்தது, ரசீது உள்ளே இருக்கிறது. அவளுக்கு இருமல் இல்லை. எடை ஐம்பத்தாறு பவுண்டு.

நான் பெறவில்லை. மூன்று தடவை கலைந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. அதனால் அதை நீ எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மரிவிக்


டகோமா
16 ஜூலை 2012

வெங்,

உனக்கும் இதே கடிதம் வந்திருக்கும். நேனே பிரிக்காமல் உனக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். ஒரே குழந்தையை இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள், உரிமை இல்லாதவர் திருத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரையும் விசாரிப்போம் என்கிறது. எனக்குக் கூடவே இன்னொன்றும் வந்தது. குழந்தை என்னோடுதான் வசித்தாள் என்பதற்கு முப்பது நாளில் ஆதாரம் கேட்கிறார்கள். பள்ளியிலிருந்தோ டாக்டரிடமிருந்தோ, என் பெயரும் என் முகவரியும் உள்ள தாள். இல்லாவிட்டால் சலுகை கிடையாது. அஜாக்கிரதையாக எழுதினேன் என்று முடிவு கட்டினால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அதைக் கேட்கவே முடியாதாம்.

முதலில் எனக்குப் பயமே இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் நான், ஒரு தாள் கிடைக்காதா என்று பள்ளிக்குப் போனேன். அலுவலகப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். 

"தாயார் பேரு ரொவேனா. முகவரி வேற தெருவா இருக்கே. நீங்க எங்க இருக்கீங்கன்னா, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவங்கள்ல மூணாவதா இருக்கீங்க."

"ரெண்டாவது யாரு?"

"நேனேன்னு போட்டிருக்கு."

"அவ இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்ததே இல்லம்மா. தினம் நான்தானே வர்றேன், நீங்களே பாக்குறீங்களே."

"பாக்குறேன்தான். நான் பாக்குறதை எழுதித் தர முடியாது, இதுல இருக்கறதைத்தான் எழுதித் தர முடியும்."

டாக்டரிடம் போனேன், அங்கேயும் இதே கதைதான். உன் பெயர், நேனே முகவரி. பல் டாக்டர், நூலக அட்டை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு, எல்லாவற்றிலும் நீ. விமான நிலையத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீ என்ன கேட்டாய்? "எல்லாத் தாள்லயும் என் பேருதான் இருக்கணும்க்கா. அவ என்னை மறந்துடக் கூடாது." நான் அப்படியே செய்தேன். ஒரு இடம் விடாமல் செய்தேன். இன்றைக்கு நான் அவளை வளர்க்கிறேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பள்ளி வாசலில் நின்றபோது எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பணம் போனால் போகட்டும், நாளைக்கு யாராவது வந்து அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனால், தடுக்க நான் யார் என்று நினைத்தேன். அவள் எனக்கு வேண்டும் என்ற ஆசையே இல்லை என்று சொன்னால் கோயிலில் இருக்கும் குழந்தை இயேசுகூட நம்ப மாட்டார். ஏப்ரலில் நீ எழுதியது என்னைக் குத்தியதற்குக் காரணம், அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான். உன் பெயரை அடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் இங்க்ரிட் என் பெயருக்குக் கீழே டாலா பெயரை அச்சிட்டுக் காட்டியபோது, பணத்தைப் பற்றி நினைக்கும் முன்னால் நான் அதைத்தான் இன்னொரு தடவை படித்தேன். 

கோர்ட் விஷயத்தைக் கல்லூரியில் இலவச வக்கீலிடம் விசாரித்தேன். வரிக்காக எழுதிக் கொடுத்த தாளை வரி அலுவலகம் டென்னிஸ் அம்மாவுக்குக் கொடுக்காதாம். ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிபதி உன்னையே கேட்கலாம், அப்போது நீ பொய் சொல்ல முடியாது என்றார். "பயப்படவே வேண்டாம்னு எழுதலாமா?" என்று கேட்டேன். "அப்படி எழுதாதீங்க" என்றார். அதனால் எழுதவில்லை.

இன்னும் முப்பது நாள் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். என்னிடம் வேறு தாள் இல்லை, வெங். உன் கையெழுத்து ஒன்றுதான்.

அக்கா


உனலாஸ்கா
4 ஆகஸ்ட் 2012

அக்கா,

ஏப்ரலில் நான் எழுதியதற்கு மன்னிப்பு கேட்டு நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றும் மன்னிப்பில் ஆரம்பித்து, கடைசியில் ஏன் அப்படி எழுதினேன் என்ற நியாயத்தில் போய் முடிந்தது. அதனால் வெறுமனே கேட்கிறேன். மன்னித்துவிடு. அந்த ஆஸ்பத்திரி நாற்காலி எனக்கும் மறக்கவில்லை.

எனக்கும் அந்தக் கடிதம் வந்தது. போயெட்டிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நான் டைப்தான் அடிச்சேன்" என்று போய்விட்டார். இப்போது என்னைக் கண்டால் ஃபோர்க்லிஃப்ட்டை வேறு பக்கம் திருப்புகிறார். ஆக, முடிவு நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

திருத்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். எத்தனை இரவு என்று ஒரு தாளும் எழுதச் சொல்லியிருந்தாய். எண்ணிக்கையை எழுத உட்கார்ந்தேன், அதற்கு மேலும் எழுதிவிட்டேன். இதுதான் அது:

"வரி அலுவலகத்துக்கு, ரொவேனா அப்ரேனிகா எழுதிக் கொடுப்பது. 2011-ஆம் வருஷம் என் மகள் டாலா என்னோடு வசிக்கவில்லை. டிசம்பர் 13 முதல் 31 வரை பத்தொன்பது இரவுகள் மட்டும் அவளும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அதுவும் என் அக்கா மரிவிக் அப்ரேனிகாவின் வீடு. மீதி நாளெல்லாம் அவளைச் சாப்பிட வைத்ததும், குளிப்பாட்டியதும், பள்ளிக்கு அனுப்பியதும் என் அக்காதான். எல்லாத் தாளிலும் என் பெயர் இருப்பதற்குக் காரணம் நான் அப்படிக் கேட்டுக்கொண்டது. ஜூன் மாதம் அவளுக்கு அம்மை போட்டது. எனக்கு அது ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் ஆறிவிட்டது. பள்ளி நாடகத்தில் அவள் நிலாவாக நின்றாளாம். நிலாவுக்கு வசனம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கிறிஸ்துமசுக்கு அவளுக்கு ஷூ வாங்கிக்கொண்டு போனேன், இரண்டு அளவு சிறியது. அவள் அதைப் போட்டுக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லி, நொண்டாமல் நடந்து காட்டினாள். பிள்ளை உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்று சொன்னேன். அது பொய் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாங்கிய பணத்தை மாதாமாதம் கட்டிவிடுகிறேன்."

அக்கா, பத்தொன்பது என்பதைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். குறைந்தது ஒரு மாதமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். மறுபடி எண்ணினேன், அதே பத்தொன்பதுதான். இங்கே லைனில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. டென்னிஸ் அம்மா கோர்ட்டுக்குப் போகிறாளோ இல்லையோ, அவள் சொன்னது இந்தத் தாளில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இங்கே நிற்க முடியவில்லை.

அக்டோபர் 28-ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த பருவத்துக்குப் பேர் கொடுக்கவில்லை. டகோமா துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் கிடங்கில் வேலை சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் பாதிதான். நேனே எனக்காக ஒரு அறை வீடு பார்த்து வைத்திருக்கிறாள், முன்பணமும் அனுப்பிவிட்டேன். உன் வீட்டிலிருந்து இரண்டு பஸ். 

டாலாவை என்னோடு வைத்துக்கொள்ளப் போகிறேன், அக்கா. இந்தக் கடிதத்தில் இதைச் சொல்வது சரியில்லை என்று தெரியும். கையெழுத்துக்கு விலை கேட்பது மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. நீ மாட்டேன் என்று சொன்னாலும் கையெழுத்து உன்னுடையதுதான், அதனால்தான் இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன். ஆனால் மாட்டேன் என்று சொல்லாதே.

வெங்


டகோமா
21 ஆகஸ்ட் 2012

அன்புள்ள வெங்,

உன் தாள் போய்ச் சேர்ந்துவிட்டது, பதிவுத் தபால் சீட்டு என்னிடம் இருக்கிறது. இங்க்ரிட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "முதல் மூணு வரி போதும். மிச்சத்தை அங்க யாரும் படிக்க மாட்டாங்க, நீங்களே வச்சுக்கோங்க" என்றார். நான் முழுவதையும் அனுப்பினேன். ஒருவராவது படிக்கட்டும். நிலாவுக்கு வசனம் இல்லை, வெங். கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாதியில் கை வலித்துப்போய் ஒன்றை இறக்கிவிட்டாள்.

ஆறு வாரத்தில் பணம் வந்துவிடும் என்கிறார். இலையுதிர்ப் பருவத்துக்குக் கல்லூரியில் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த வருஷமும் அக்டோபர் வரை அவள் இங்கேதான் தூங்கியிருப்பாள் என்பதால் இன்னும் ஒரு தடவை அவள் என் கணக்கில்தான் வருவாளாம். அதற்குப் பிறகு உன் கணக்கில். "அடுத்த வருஷத்துலேர்ந்து உங்களுக்குப் படிப்புச் சலுகை மட்டும்தான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நீ வருகிற விஷயத்துக்கு வருகிறேன். பொய் எதற்கு, வெங்? எனக்குக் கோபம். நேனேவுக்கு மட்டும் சொல்லி, வீடு பார்த்து, முன்பணம் கொடுத்து, எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் சொல்கிறாய். அவளுக்கு ஜுரம் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று உனக்குத் தெரியுமா என்று கத்த வேண்டும்போல இருந்தது. மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதவும் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், நீயே ஒத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் அனுப்பவில்லை.

டாலாவிடம் சொன்னேன். நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்டோபர்ல அம்மா வர்றாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே இங்கதான். நீ அவங்களோட போய் இருக்கப் போற."

அவள் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். பிறகு, "நான் மறுபடி ஷூ சரியா இருக்குன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள். எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "வேணாம்டி, கடிச்சா கடிக்குதுன்னு சொல்லு" என்றேன். இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். உனக்குத் தெரிய வேண்டும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. நேற்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது. டாலாவின் தாய் ரொவேனா, அவள் வேலைக்குப் போனபோது என்னை நம்பி விட்டுப் போனாள், வாரம் தவறாமல் பணம் அனுப்பினாள், பிள்ளையை ஒரு நாளும் கைவிடவில்லை, அவள் கேட்கிற அன்றைக்கு நான் பிள்ளையை ஒப்படைக்கிறேன் என்று இருக்கிறது. டென்னிஸ் அம்மா எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இதைக் காட்டு. வக்கீல்தான் வாசகம் எழுதிக் கொடுத்தார். "கேட்கிற அன்றைக்கு" என்பதை நான் சேர்க்கச் சொன்னேன், சேர்த்த பிறகு அதை எடுத்துவிடலாமா என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நோட்டரி கடையை மூட வேண்டும் என்றார். போட்டுவிட்டேன்.

நீ வரும்போது பெரிய பெட்டியாகக் கொண்டு வா. அவள் இங்கே வந்தபோது கொண்டு வந்த பெட்டியில் இப்போது அவள் துணி பாதிகூடக் கொள்ளவில்லை. நான் அடுக்கிப் பார்த்துவிட்டேன்.

அக்கா
மரிவிக்